கையெழுத்துப் போட ஆளில்லாத படி எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து எழுதுகிறேன். மென்பொருள் வேலைக்கு வந்து 21 வருடம் ஆகிறது. டெஸ்டராகச் சேர்ந்தேன். இப்போது ஒரு டீமின் வேலை தடையில்லாமல் நடக்கப் பார்த்துக்கொள்ளும் ஸ்க்ரம் மாஸ்டர், ஒன்பது டீம்களுக்கும் சேர்த்து ஜிரா அட்மின். தினமும் காலையில் டின் ஃபேக்டரி நிறுத்தத்தில் 500டி பஸ் பிடித்து பெல்லந்தூர் பக்கம் போகிறவள். நம் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் "எஜைல் கற்றுக்கொள்ளுங்கள், ஜிரா தெரிந்திருப்பது நல்லது" என்று இளைஞர்களுக்குச் சொல்கிறீர்கள். சரிதான். எஜைல் என்பது மென்பொருளைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்து, காட்டித் திருத்திக்கொண்டே போகும் முறை, ஜிரா அந்த வேலையைக் கண்காணிக்கும் கருவி. ஆனால் அந்தக் கருவிக்குள் வேலைகளை எப்படி அடுக்குகிறார்கள், அடுக்கு தப்பினால் சுமை யார் தலையில் விழுகிறது என்று தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. கிருஷ்ணகிரி, ஆம்பூர், சேலம், ஈரோடு என்று எங்கெங்கிருந்தோ வந்து இந்த அவுட்டர் ரிங் ரோட்டில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளின் வெள்ளிக்கிழமை சாயங்காலங்கள் இதில்தான் கரைகின்றன. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜிரா என்பது ஒரு டீம் செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு (டிக்கெட் என்போம்) போட்டு, அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள உதவும் மென்பொருள். ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002-இல் கொண்டுவந்தது. அதில் இயல்பாகக் கிடைக்கும் படிகள் மூன்று. மேலே எபிக், பல ஸ்டோரிகள் சேர்ந்த பெரிய வேலை. அதற்குக் கீழே ஸ்டோரி, பயன்படுத்துகிறவருக்கு உதவும் ஒரு சின்ன வேலை. டாஸ்க், பக் (பிழை) எல்லாம் அதே உயரம். கடைசியில் சப்-டாஸ்க், அந்த வேலையின் ஒரு துண்டு. எட்டுப் பேர் உள்ள ஒரு டீமுக்கு இது தாராளம்.

தொண்ணூறு பேர், ஒன்பது டீம், எல்லோரும் சேர்ந்து ஒரே பொருளைக் கட்டுகிறார்கள் என்றால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. இதற்காகவே டீன் லெஃபிங்வெல் 2011-இல் சேஃப் என்ற முறையை வெளியிட்டார். 50 முதல் 125 பேர் வரை சேர்ந்து ஒரு 'ரயில்'. 8 முதல் 12 வாரம் வரை ஒரு திட்டக் காலம், அதற்குப் பெயர் பிஐ. ஒவ்வொரு பிஐ-க்கும் முன்னால் ரயிலில் இருக்கும் எல்லோரும் இரண்டு நாள் ஒன்றாக உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். சேஃபுக்குச் சொந்தமாகவும் படிகள் உண்டு. உச்சியில் எபிக். பல ரயில்கள் சேர்ந்து ஒரு பெரிய பொருளைச் செய்தால் மட்டும் அதற்கடுத்து கேப்பபிலிட்டி. ரயில் மட்டத்தில் ஃபீச்சர், அதாவது பொருளில் சேரும் ஒரு வசதி, இது ஒரு பிஐ-க்குள் முடிகிற அளவில் இருக்க வேண்டும். டீம் மட்டத்தில் ஸ்டோரி, இது ஒரு ஸ்ப்ரிண்டுக்குள், அதாவது ஒரு டீமின் சில வார வேலைச் சுற்றுக்குள்.

இப்போது பாருங்கள். ஜிராவில் எபிக் என்றால் ஸ்டோரிக்கு நேர் மேலே இருப்பது. சேஃபில் எபிக் என்றால் உச்சாணிக் கொம்பில் இருப்பது, தனியாக வணிகக் காரணம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டியது. பெயர் ஒன்று, உயரம் இரண்டு. "அந்த எபிக் எப்போ முடியும்?" என்று மீட்டிங்கில் கேட்டால் ஒருவர் மூன்று வாரம் என்பார், இன்னொருவர் அடுத்த தீபாவளி என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். இந்த ஒரு சொல்லை நேர் செய்யாமல் ஆரம்பித்ததுதான் எங்கள் அலுவலகத்தில் நடந்த எல்லாவற்றுக்கும் வேர்.

நாங்கள் சேஃபுக்கு மாறியது 2022-இல். மருத்துவக் காப்பீட்டுக்கான மென்பொருள் செய்கிறோம். ஆஸ்பத்திரி முன்அனுமதி கேட்கும், காப்பீட்டு நிறுவனம் ஒப்புதல் தரும், அப்புறம் பணம் போவதற்கான ஃபைல் வங்கிக்குப் போகும். இந்த முழுச் சுற்றும் ஒரே ஃபீச்சர். மூன்று டீம், மொத்தம் 14 ஸ்டோரி. முதல் இரண்டு டீம்களின் 9 ஸ்டோரிகளை ஒரு எபிக்கின் கீழ் வைத்தார்கள். பேமென்ட் டீமின் 5 ஸ்டோரிகள் ஜிராவில் அவர்களுடைய தனி ப்ராஜெக்டில், அவர்களுடைய சொந்த எபிக்கின் கீழ் இருந்தன. இரண்டு எபிக்குகளுக்கும் மேலே பொதுவாக ஒரு படி கிடையாது. அதனால் இரண்டையும் 'சம்பந்தப்பட்டது' என்று ஒரு லிங்க் போட்டு இணைத்து வைத்தோம்.

லிங்க் கண்ணுக்குத் தெரியும், கணக்கில் சேராது. கீழே முடிந்த வேலை மேலே கூட்டலாகப் போக வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவில் தாய்-பிள்ளை உறவு இருக்க வேண்டும். எங்கள் டாஷ்போர்டு முதல் எபிக்கை மட்டும் எண்ணியது. ஒன்பதுக்கு ஒன்பது, முழுப் பச்சை. மேலதிகாரி பாராட்டி மெயில்கூட அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை வாடிக்கையாளருக்கு டெமோ. முன்அனுமதி போனது, ஒப்புதல் வந்தது. "சரி, பேமென்ட் ஃபைலைக் காட்டுங்கள்" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டார். அறையில் யாரும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் கேள்வி வந்து விழுந்தது எங்கள் டீமின் டெஸ்டர் மேல். திருப்பத்தூர்ப் பெண், வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். "எல்லாம் முடிஞ்சதுன்னு காட்டுதே, நீ ஏன் சொல்லலை?" என்று கேட்டார்கள். அவள் சொல்லியிருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன்பே தன் ஸ்டோரியின் கமெண்டில் எழுதியிருந்தாள்: "பேமென்ட் ஃபைல் இன்னும் வரவில்லை, முழுச் சுற்றையும் சோதிக்க முடியவில்லை." மேலே உட்கார்ந்து பச்சை நிறத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அந்த வரி தெரிய வழியே இல்லை. வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணி வரை அவளும் பேமென்ட் டீமின் இரண்டு தம்பிகளும் உட்கார்ந்தார்கள். நானும் கூட இருந்தேன். ஊருக்குப் போவதற்காகக் கட்டிக்கொண்டு வந்த பை அவள் மேஜைக்கு அடியில் அப்படியே கிடந்தது.

இதற்கு வைத்தியம் என்று வெளியிலிருந்து ஒரு ஆலோசகரை அழைத்தார்கள். படி போதவில்லை என்பதுதான் நோய் என்று முடிவானது. தீம், போர்ட்ஃபோலியோ எபிக் (சேஃபின் எபிக்), கேப்பபிலிட்டி, ஃபீச்சர், எபிக் (ஜிராவின் எபிக்), ஸ்டோரி, சப்-டாஸ்க். மூன்று இருந்த இடத்தில் ஏழு. ஜிராவில் அதை அமைத்துக் கொடுத்தது நான்தான். அன்றைக்கே எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கோரிக்கைப் படிவத்தில் தேதி எழுதும் கட்டம் மொபைலில் பாதி வெட்டுப்படுகிறது. சரி செய்ய இருபது நிமிடம். ஆனால் அந்த டிக்கெட்டுக்கு மேலே ஒரு எபிக், அதற்கு மேலே ஃபீச்சர், கேப்பபிலிட்டி, போர்ட்ஃபோலியோ எபிக், தீம் என்று ஐந்து தலைமுறை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஒரு ரிப்போர்ட் வரும். தாய் இல்லாத டிக்கெட்டுகளின் பட்டியல், எந்த டீமில் எத்தனை என்று சிவப்பில். அதற்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'அனாதை ஸ்டோரி'. அந்தச் சொல்லை நான் வாயால் சொல்வதில்லை.

பிள்ளைகள் என்ன செய்வார்கள்? யாரோ ஒருவர் 'இதர' என்று ஒரு ஃபீச்சர் திறந்தார். எது எங்கே சேரும் என்று தெரியவில்லையோ அதையெல்லாம் அதற்குள் போட்டார்கள். ஒரு பிஐ முடிவதற்குள் அதில் 212 ஸ்டோரி. ரிப்போர்ட்டில் சிவப்பு போய்விட்டது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த 212-க்குள் அடுத்த மாதம் வாடிக்கையாளர் கேட்கப்போகிற வேலை எத்தனை என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இந்த 'இதர'வைத்தான் பிரித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா எதிரே உட்கார்ந்து உங்கள் நாளிதழைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் ஊத்தங்கரை வட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து 2006-இல் ஓய்வு பெற்றவர். லீவு நாளிலும் என்ன வேலை என்று கேட்டார். ஏழு படியையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏழு படிக்கும் ஏழு பேர் இருக்காங்களாம்மா?"

"யாருப்பா?"

"கையெழுத்துப் போடறவங்க."

எனக்குப் பதில் வரவில்லை. அவரே சொன்னார். கிராமத்துக்கு ஒரு வி.ஏ.ஓ., பிர்காவுக்கு ஆர்.ஐ., தாலுகாவுக்குத் தாசில்தார், கோட்டத்துக்கு ஆர்.டி.ஓ., ஜில்லாவுக்குக் கலெக்டர். எந்த மனு எந்த மேஜையில் நிற்கும், அங்கே என்ன முடிவாகும் என்று ஊரில் கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். முடிவு எடுக்க ஆள் இல்லாத இடத்தில் ஒரு ஆபீஸைத் திறந்தால் ஜனங்கள் நடையாய் நடப்பதுதான் மிச்சம் என்றார்.

அன்று மாலை முழுக்க அவரைப் பேசவைத்துக் கேட்டேன். 2004 பிப்ரவரியில் தர்மபுரி மாவட்டத்தைப் பிரித்து கிருஷ்ணகிரி மாவட்டம் வந்தபோது அவர் பணியில் இருந்தார். பெயர்ப்பலகை மாறியது, முத்திரை மாறியது, மேலே அனுப்ப வேண்டிய முகவரி மாறியது. ஆனால் அவருடைய பதிவேட்டில் ஒரு புல எண்கூட மாறவில்லை. 112-இல் 3பி வைத்திருந்த விவசாயிக்கு மறுநாளும் அது 112-இல் 3பி தான். எங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. எங்கள் ஜிரா ப்ராஜெக்டுகளை மேலாளர்களின் வரிசைப்படி பிரித்து வைத்திருந்தோம். ஒரு வருடம் இரண்டு டீம்களை வேறு மேலாளரிடம் மாற்றினார்கள். டிக்கெட்டுகளும் ப்ராஜெக்ட் மாறின, மாறியதும் ஒவ்வொன்றுக்கும் புது எண். பழைய எண்ணைத் தட்டினால் ஜிரா புதியதற்குக் கொண்டுபோய்விடும் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் நோட்டில் எழுதி வைத்திருந்தது, வாடிக்கையாளருக்குச் சொல்லியிருந்தது, பேச்சில் பழகியிருந்தது எல்லாம் பழைய எண்தான். மேலாளர் யார் என்பது வருடா வருடம் மாறும். அதை நம்பி அடித்தளத்தைப் போடக்கூடாது.

இன்னொன்று பசலி, அதாவது வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டு. ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை ஒரு பசலி. எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று பசலிக்குப் பசலி அடங்கல் என்ற கிராமக் கணக்கில் எழுதுவார்கள். அதற்காகக் கிராமத்துக்கு மேலே 'பசலி' என்று ஒரு படி கிடையாது. நாங்கள் அதைத்தான் செய்திருந்தோம். சில டீம்களில் ஒவ்வொரு பிஐ-யையும் ஒரு தாய் டிக்கெட்டாகத் திறந்து, ஃபீச்சர்களை அதன் கீழ் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு ஃபீச்சர் அடுத்த பிஐ-க்குத் தள்ளிப்போனால் தாய் மாறிவிடும். போன பிஐ-யில் அதற்கு எவ்வளவு உழைப்புப் போனது என்பது அந்தக் கணக்கிலிருந்தே காணாமல் போகும். வேறு சில டீம்கள் லேபிள் போட்டன. ஒருவர் பிஐ-3 என்று எழுதினார், இன்னொருவர் கோடில்லாமல் எழுதினார், மூன்றாமவர் சின்ன எழுத்தில் எழுதினார். கருவிக்கு அவை மூன்றும் வேறு வேறு லேபிள். காலத்துக்கு ஒரு தனிக் கட்டம், அதில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது மட்டும்தான் என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. டீம் பெயரும் அப்படித்தான். அதுவும் ஒரு கட்டம், படி அல்ல.

அடுத்த வாரம் நானும் இரண்டு பேரும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒருவர் ப்ராடக்ட் மேனேஜர். இன்னொருவர் அந்தத் திருப்பத்தூர்ப் பெண், நான் கேட்டு அழைத்துக்கொண்டேன். ஒவ்வொரு படிக்கும் எதிரே மூன்று கேள்வி எழுதினோம். இதை யார் திறந்து பார்க்கிறார்? எந்த நாளில்? பார்த்து என்ன முடிவு எடுக்கிறார்?

ஸ்டோரிக்குப் பதில் உடனே வந்தது. டீம், ஸ்ப்ரிண்ட் பிளானிங் அன்று, எதை எடுப்பது என்று. ஃபீச்சருக்கும் இருந்தது. பிஐ-க்கு முன்னால் ப்ராடக்ட் மேனேஜர்கள் உட்கார்ந்து, தாமதித்தால் எவ்வளவு நஷ்டம் என்பதை வேலையின் அளவால் வகுத்து முன்னுரிமை போடுகிறார்கள். போர்ட்ஃபோலியோ எபிக்குக்கும் இருந்தது. மாதம் ஒருமுறை மூன்று இயக்குநர்கள் கூடி, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்கிறார்கள். கேப்பபிலிட்டிக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லை. எங்களிடம் ஓடுவது ஒரே ரயில். அந்தப் படி எங்களுக்கானதே அல்ல. தீம் பெயரை மேலதிகாரியின் ஸ்லைடைத் தவிர வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை. நடுவிலிருந்த எபிக்கும் ஃபீச்சரும் பாதி டீம்களில் ஒரே வேலைக்கு இரண்டு பெயர்.

ஏழு நான்கானது. ஜிராவின் எபிக் என்ற வகைக்கே ஃபீச்சர் என்று பெயர் மாற்றினோம். அதற்கு மேலே ஒரே ஒரு படி, அதை எபிக் என்று சொல்லாமல் இனிஷியேட்டிவ் என்று வைத்தோம். எபிக் என்ற சொல்லையே அலுவலகத்தில் நிறுத்தினோம். ஒன்பது டீமுக்கும் ஒரே வகைகள், ஒரே பெயர்கள். எந்த டீமின் ஸ்டோரியும் எந்த ப்ராஜெக்டில் இருந்தாலும் அது சேர வேண்டிய ஃபீச்சரின் கீழ் நேராகப் போய் உட்காரும். பேமென்ட் டீமின் 5 ஸ்டோரிகள் இப்படி உட்கார்ந்திருந்தால் அந்த வியாழக்கிழமை எங்கள் டாஷ்போர்டு ஒன்பதுக்கு ஒன்பது என்று காட்டியிருக்காது, பதினாலுக்கு ஒன்பது என்று காட்டியிருக்கும்.

'இதர'வை என்ன செய்வது என்றும் அப்பாவிடமிருந்தே வந்தது. "புறம்போக்குக்குக்கூட வகை எழுதணும்மா. ஏரிப் புறம்போக்கு, பாதைப் புறம்போக்குன்னு. வெறும் புறம்போக்குன்னு எழுதினா நாளைக்கு ஏரியே இருக்காது." ஒரு டீமுக்குள்ளேயே பிறக்கும் வேலைகள் இருக்கும், எல்லா ஸ்டோரிக்கும் ஃபீச்சர் இருந்தே ஆக வேண்டும் என்று சேஃபே சொல்லவில்லை. அந்தத் தேதிக் கட்டம் மாதிரியான வேலைக்கு 'பராமரிப்பு' என்று வகை போட்டால் போதும், தாய் தேட வேண்டாம். வாடிக்கையாளர் பக்கத்தில் வந்த பிழைக்கு ஒரு வகை. அடித்தள வேலைக்கு ஒரு வகை. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டை நிறுத்தச் சொல்லி நானே போய்ப் பேசினேன். நிறுத்திவிட்டார்கள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு பிஐ-க்குள் அடங்காத ஃபீச்சர் இன்னும் வருகிறது. அதை எந்த இடத்தில் வெட்டினால் பாதியும் பயனுள்ளதாக இருக்கும் என்பது ஒவ்வொரு முறையும் சண்டைதான். அது வேலையைப் பற்றிய சண்டை, அதனால் எனக்கு அதில் வருத்தமில்லை.

சின்ன நிறுவனங்களில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிராவின் கிளவுட் பதிப்பில் எபிக்குக்கு மேலே புதுப் படி சேர்க்கும் வசதி பிரீமியம் திட்டத்திலிருந்துதான் கிடைக்கும். ஸ்டாண்டர்டில் கிடையாது. அதற்காக லிங்க் போட்டும், லேபிள் போட்டும், தலைப்பில் எண் எழுதியும் இல்லாத படியை இருப்பதுபோல் காட்டாதீர்கள். எங்களுக்கு விழுந்த அடி அங்கேதான். எபிக்கை ஃபீச்சர் என்று மாற்றிக்கொண்டு, மேலே உள்ள ஆறேழு பெரிய முயற்சிகளை ஒரு தனிப் பக்கத்தில் எழுதி வைத்தாலே போதும். ஜிரா போன்ற இன்னொரு கருவியான அஷூர் டெவ்ஆப்ஸில் 'எஜைல்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எபிக், ஃபீச்சர், யூசர் ஸ்டோரி, டாஸ்க் என்று நான்கு படி முன்கூட்டியே அமைந்திருக்கும். அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எஜைல் அறிக்கையை எழுதியபோது முதல் வரியாக வைத்தது, வழிமுறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களும் அவர்களுக்குள் நடக்கும் பேச்சும் முக்கியம் என்பதைத்தான். படிகளை அமைக்கும் அதிகாரம் உள்ள நம்மவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை ஒரு படி சேர்க்க உட்காரும்போது, அதைத் தினமும் நிரப்பப்போகிற இரண்டு பேரையாவது அந்த அறைக்குள் கூப்பிடுங்கள். டெஸ்டராக இருக்கட்டும், போன வருடம் சேர்ந்த பிள்ளையாக இருக்கட்டும். அவர்கள் சொல்வதைத் தாளில் எழுதுங்கள்.

எங்கள் அடுத்த பிஐ பிளானிங் பொங்கல் முடிந்த வாரம். பழைய 'இதர'வில் இன்னும் 31 டிக்கெட் பாக்கி இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்து, எழுதியவரிடமே கேட்டுக் கேட்டுப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராமமூர்த்தி நகர், பெங்களூரு